ஒரு பெயருக்குள் பல வழிகள்: பழஞ்சீனத்தில் தாவோ மரபுகள் உருவான வரலாறு

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹான் பேரரசின் அவையில் வானநூல் அலுவலராக இருந்தவர் சிமா டான். கி.மு. 110இல் மறைந்த அவர், தமக்கு முன் வாழ்ந்த சிந்தனையாளர்களை ஆறு பிரிவுகளாக வகுத்துச் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். யின்-யாங் வாதிகள், கன்பூசியர்கள், மோசியர்கள், பெயர்களை ஆராய்ந்த தருக்கவாதிகள், சட்டவாதிகள் ஆகிய ஐவகையினரையும் நிறைகுறை சொல்லி எடைபோட்ட அவர், ஆறாவது பிரிவை மட்டும் குறையில்லாதது என்று போற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘தாவோச்சியா’, அதாவது தாவோ (வழி) மரபினர். அவருடைய மகன் சிமா சியென் தம் ‘வரலாற்றுப் பதிவேடுகள்’ நூலின் இறுதி இயலில் இக்கட்டுரையைச் சேர்த்து வைத்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்று நாம் தாவோயிசம் என்று அழைக்கும் சிந்தனைப் பள்ளிக்கு ஒரு பள்ளியென்ற அடையாளம் முதன்முதலில் கிடைத்த இடம் இதுதான். லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் நூலும், சுவாங் ட்சுவின் நூலும், வேறு பல பழைய நூல்களும் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. அவற்றை எழுதியவர்களில் எவரும் தம்மைத் தாவோ மரபினர் என்று சொல்லிக்கொண்டதற்குச் சான்று இல்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, மாணவரிடமிருந்து அவர் மாணவருக்கு என்று இறங்கி வந்த ஒரே ஓடையாகத் தொடக்ககாலத் தாவோயிசத்தைப் படிப்பது நெடுங்கால வழக்கம். 1970களிலிருந்து சீன மண்ணிலிருந்து வெளிவந்த சுவடிகள் அந்தப் பார்வையைத் திருத்திவிட்டன. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக எழுந்த பல சிந்தனைகளை ஹான் காலத்து அறிஞர்கள் ஒரு பெயரின் கீழ்த் தொகுத்தார்கள் என்பதே சான்றுகள் காட்டும் வரலாறு.

வரலாற்றாசிரியரின் தயக்கம்

லாவோ ட்சுவின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் முறையான வரலாறு சிமா சியென் எழுதியது. சூ நாட்டில் பிறந்தவர், லி என்னும் குடும்பப் பெயரும் எர் என்னும் இயற்பெயரும் கொண்டவர், சோவ் அரசின் ஆவணக் காப்பாளர், கன்பூசியஸ் தேடிச் சென்று பேசிய மூத்தவர் என்று அது தொடங்குகிறது. சோவ் அரசு நலிவதைக் கண்டு அவர் மேற்கே புறப்பட்டபோது, எல்லைக் கணவாயின் காவலர் கேட்டுக்கொண்டதற்காக ஐயாயிரம் சொற்களில் தாவோவையும் அதன் ஆற்றலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

கதை இதோடு முடிவதில்லை. லாவோ லாய் ட்சு என்று சூ நாட்டில் இன்னொருவர் இருந்தார், அவரும் தாவோவைப் பற்றி எழுதினார் என்கிறார் சிமா சியென். கன்பூசியஸ் மறைந்து 129 ஆண்டுகளுக்குப் பிறகு சின் நாட்டு அரசரைச் சந்தித்த டான் என்னும் அரசு அலுவலர்தான் லாவோ ட்சு என்று சிலர் சொல்வதையும், இல்லை என்று சிலர் மறுப்பதையும் பதிவு செய்கிறார். லாவோ ட்சு 160 ஆண்டு வாழ்ந்தார், 200 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்ற செவிவழிச் செய்திகளையும் தருகிறார். எது உண்மை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அரசு ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கி.மு. 100ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஒரு மாபெரும் வரலாற்றாசிரியரால் லாவோ ட்சு யார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை மறைக்காமல் அவர் எழுதி வைத்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் லாவோ ட்சுவை யாரோடு சேர்த்து எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரே இயலில் லாவோ ட்சு, சுவாங் ட்சு, ஷென் புஹாய், ஹான் ஃபெய் ஆகிய நால்வரின் வரலாறும் வருகிறது. பின்னிருவரும் ஆட்சிக்கலையையும் சட்டத்தையும் பேசியவர்கள். துறவு மனப்பான்மையின் நூலாகவே லாவோ ட்சுவை அறிந்திருக்கும் இன்றைய வாசகருக்கு இது வியப்பாக இருக்கும். ஹான் காலத்தவருக்கு இந்த வரிசையில் வியப்பு எதுவும் இருந்திருக்காது.

குவோடியன்: வளர்ந்துகொண்டிருந்த ஒரு நூல்

1993இல் ஹூபெய் மாநிலத்தின் ஜிங்மென் நகருக்கு அருகில் குவோடியன் என்னும் சிற்றூரில், பழைய சூ நாட்டுத் தலைநகரை ஒட்டிய இடுகாட்டில் ஒரு கல்லறை அகழப்பட்டது. கொள்ளையர்கள் முன்பே அதில் துளையிட்டிருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களில் ஏறக்குறைய 800 மூங்கில் பட்டைகள் இருந்தன. கல்லறை கி.மு. 300ஐ ஒட்டியது என்பது தொல்லியலாளர்களின் பரவலான கணிப்பு. பட்டைகளில் 71 பட்டைகள், இன்று லாவோ ட்சுவின் நூல் என்று நாம் படிக்கும் ‘தாவோ தே ஜிங்’கின் பகுதிகளைக் கொண்டிருந்தன. அந்நூலுக்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சுவடி இதுவே.

இப்பட்டைகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவை ஒரே கட்டாக இல்லை. நீளம் வேறுபடும் மூன்று கட்டுகள் இருந்தன: முதல் கட்டில் 39 பட்டைகள், ஒவ்வொன்றும் 32 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், இரண்டாவதில் 18 பட்டைகள், 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், மூன்றாவதில் 14 பட்டைகள், சுமார் 26 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் இன்றைய நூலில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுதான் வரும். இயல்களின் வரிசை இன்றைய வரிசைக்குப் பெரும்பாலும் ஒத்துவரவில்லை. இன்று 81 இயல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும் நூலின் 64ஆம் இயலில் ஒரு பகுதி முதல் கட்டிலும் மூன்றாம் கட்டிலும் இருமுறை வருகிறது. சொற்கள் இரண்டு இடத்திலும் வேறுபடுகின்றன. ஒரே கல்லறைக்குள் ஒரே பகுதிக்கு இரண்டு பாடங்கள்!

முழு நூலிலிருந்து யாரோ தேர்ந்தெடுத்துப் படியெடுத்தவை இக்கட்டுகள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. நூல் இன்னும் முழு வடிவம் பெறாத நிலையைக் காட்டுபவை என்று கருதுவோரும் உண்டு. இருமுறை வரும் அந்தப் பகுதி இரண்டாம் தரப்பின் கையை வலுப்படுத்துகிறது என்பது என் முடிவு. தனித்தனியே வாய்வழியாகவும் எழுத்தாகவும் உலவிய முதுமொழித் தொகுதிகளிலிருந்து இந்நூல் மெல்ல மெல்லத் திரண்டது.

கன்பூசியர்களுடனான உறவைப் பற்றியும் குவோடியன் புதிய செய்தி தந்தது. வழக்கிலுள்ள நூலின் 19ஆம் இயல், கன்பூசியர்கள் தலைமேல் வைத்துப் போற்றிய அன்புடைமை, நேர்மை என்னும் இரு அறங்களையும் கைவிடச் சொல்கிறது. குவோடியன் சுவடியில் அந்த இடத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. சூழ்ச்சி, வஞ்சகம் போன்றவற்றை விடச் சொல்லும் பொருள் அவற்றுக்கு உண்டு. வஞ்சகத்தை விடச் சொன்னால் எந்தக் கன்பூசியரும் சண்டைக்கு வரப்போவதில்லை. மேலும், அதே கல்லறையில் இருந்த மற்றச் சுவடிகளில் பெரும்பாலானவை கன்பூசிய மரபைச் சார்ந்தவை. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் மூண்ட பூசலை முற்காலத்தின் மேல் ஏற்றிப் படித்திருக்கிறோம்.

மூன்றாம் கட்டோடு ஒத்த அளவிலும் எழுத்திலும் இன்னொரு சிறு நூலும் அங்கே இருந்தது. ‘தாய் யீ’ என்னும் மாபெரும் ஒருமை நீரைப் பிறப்பிக்க, நீர் திரும்பி அதற்குத் துணைநிற்க வானம் தோன்றியது. பின் நிலம், யின்-யாங், நான்கு பருவங்கள், வெம்மையும் குளிரும் என்று படிப்படியாக விரிந்து ஓர் ஆண்டு நிறைவடைகிறது. 1993 வரை நவீன உலகில் எவரும் அறியாத படைப்புக் கொள்கை இது. லாவோ ட்சுவின் நூலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கப்பட்டு, பிறகு முழுவதும் மறக்கப்பட்டிருக்கிறது.

மூச்சும் மனமும்: சீ நாட்டு மரபு

தெற்கே சூ நாட்டில் இப்படியென்றால், கிழக்கே கடலோரச் சீ நாட்டில் வேறு வகையான தேடல் நடந்தது. அதன் தலைநகர் லின்ட்சி. அங்கே ஜி வாயிலுக்கு அருகில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சீ அரசர்கள் பல நாட்டு அறிஞர்களை வரவழைத்து, வீடும் பட்டமும் உதவித்தொகையும் கொடுத்து விவாதிக்க வைத்தார்கள். ‘ஜிஷியா’ என்று வரலாற்றில் நின்ற அந்த அவை சுவான் மன்னர் காலத்தில் (கி.மு. 319–301) உச்சத்தில் இருந்தது.

இந்தச் சூழலோடு ஆய்வாளர்கள் பலர் இணைத்துப் பார்ப்பது ‘குவான்ட்சி’ என்னும் பெருந்தொகுப்பில் இருக்கும் ‘நெய்யே’ என்னும் சிறு நூலை. அகப்பயிற்சி என்பது தலைப்பின் பொருள். எதுகையோடு அமைந்த செய்யுள் நடையில் அது உடலை நேராக நிறுத்துவது, மூச்சைச் சீராக்குவது, உணவில் அளவு காப்பது, துயரையும் சினத்தையும் தணிப்பது ஆகியவற்றைச் சொல்கிறது. உயிர்மூச்சின் சாரம் உடலில் தங்க வேண்டுமானால் மனம் அதற்கேற்ற தூய உறைவிடமாக வேண்டும். வலிந்து இழுத்தால் அது வராது, மனம் அமைதியுற்றால் தானே வந்து சேரும் என்பது அதன் மையக் கருத்து. இதில் அரசியல் மிகக் குறைவு. தருக்க விளையாட்டு அறவே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஹெரால்டு ராத், தாவோ மரபின் தொடக்கத்தைத் தத்துவக் கொள்கையில் தேடாமல் இத்தகைய பயிற்சியில் தேட வேண்டும் என்று வாதிட்டவர். ‘நெய்யே’யைப் படித்தவர்களுக்கு அந்த வாதம் எளிதில் புறந்தள்ளக் கூடியதாகத் தோன்றாது.

ஜிஷியாவின் மற்ற அறிஞர்கள் வேறு திசைகளில் போனார்கள். தேவைகளைச் சுருக்குவதையும் போர்களை நிறுத்துவதையும் பேசினார் சோங் ஷிங். ஷென் தாவோ தன்னறிவையும் தன்முனைப்பையும் கைவிட்டு, பொருள்களின் போக்கோடு போகச் சொன்னார். அதே ஷென் தாவோதான் அரசனின் வலிமை அவன் குணத்தில் இல்லை, அவன் அமர்ந்திருக்கும் பதவியில் இருக்கிறது என்ற கொள்கைக்காகவும் சட்டவாதிகளால் மேற்கோள் காட்டப்பட்டார். ஷென் தாவோ, தியென் பியென் முதலானோர், பின்னர் நாம் காணப்போகும் ஹுவாங்-லாவோ நெறியைக் கற்றவர்கள் என்று சிமா சியென் எழுதுகிறார்.

யாங் சூவும் சுவாங் ட்சுவும்

உலகுக்கே நன்மை கிடைக்கும் என்றாலும் தன் உடலின் ஒரு மயிரைப் பிடுங்கித் தர மறுத்தவர் என்று கன்பூசிய அறிஞர் மென்சியஸ் பழித்தது யாங் சூவை. எதிராளியின் வாயால் சொல்லப்பட்ட கொள்கை இது. யாங் சூவின் தரப்பை அறிய, கி.மு. 239ஐ ஒட்டிச் சின் நாட்டு அமைச்சர் லூ புவெய் தொகுப்பித்த நூலில் உயிரைப் பேணுதல் பற்றிவரும் இயல்கள் உதவுகின்றன. பதவியும் செல்வமும் உயிருக்காக உள்ளவை, உயிர் அவற்றுக்காக இல்லை என்பது அங்கே காணப்படும் வாதம். நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அரசனுக்காகச் சாவதே பெருமை என்று எல்லோரும் சொல்லும்போது, என் உடல் எனக்கு மேலானது என்று ஒருவர் சொல்வதற்குத் துணிவு வேண்டும். தன்னலம் என்ற ஒரு சொல்லில் அதை ஒதுக்குவது நியாயமாகாது.

சுவாங் ட்சு, அதாவது சுவாங் சோவ், சோங் நாட்டின் மெங் ஊரைச் சேர்ந்தவர்; அரக்குத் தோட்டம் ஒன்றில் சிறு அலுவலராக இருந்தார்; சூ அரசர் அமைச்சர் பதவி தர முன்வந்தபோது மறுத்தார். சிமா சியென் தரும் வாழ்க்கைக் குறிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். அவர் பெயரால் வழங்கும் நூல், கி.பி. 312இல் மறைந்த குவோ சியாங் சுருக்கித் தொகுத்த வடிவில் நமக்குக் கிடைக்கிறது: அக இயல்கள் 7, புற இயல்கள் 15, கலப்பு இயல்கள் 11, ஆக 33. ஹான் காலத்து நூலகப் பட்டியலில் 52 இயல்கள் இருந்தன. பிரிட்டிஷ் அறிஞர் ஏ.சி. கிரஹாம் இந்த 33 இயல்களில் குறைந்தது நான்கு குரல்களைப் பிரித்துக் காட்டினார்: அக இயல்களின் ஆசிரியர், நாகரிகத்தையே மறுத்துப் பழைய எளிய வாழ்வுக்குத் திரும்பச் சொன்னவர், யாங் சூ வழியினர், எல்லாவற்றையும் இணைக்க முயன்றவர்கள். இதில் ஒரு விந்தை உண்டு. சுவாங் ட்சுவின் எழுத்து என்று சிமா சியென் பெயர் சுட்டிச் சொல்லும் இயல்கள், வேறொருவர் எழுதியவை என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதும் புற, கலப்பு இயல்களில் இருக்கின்றன.

அக இயல்களில் ஒரு சமையற்காரர் வருகிறார். டிங் என்பது அவர் பெயர். அரசர் முன்னிலையில் எருதை அறுக்கிறார். 19 ஆண்டுகளாக ஒரே கத்தி. ஆயிரக்கணக்கான எருதுகளை அறுத்தும் அதன் முனை இப்போதுதான் சாணைபிடித்ததுபோல் இருக்கிறது. சராசரிச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், எலும்பில் வெட்டுவதால். டிங் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டார். எலும்புகளுக்கு இடையில் இயல்பாக உள்ள இடைவெளியில் கனமே இல்லாத முனையைச் செலுத்துகிறார். சிக்கலான கணு வந்தால் நிதானித்து, மெல்ல அசைக்கிறார். மண்கட்டி உதிர்வதுபோல் இறைச்சி பிரிந்து விழுகிறது. டிங்கின் விளக்கத்தைக் கேட்டு முடித்த அரசர், உயிரைப் பேணும் வழியை இவரிடம் கற்றேன் என்கிறார். உயிரைப் பேணுதல் என்னும் யாங் சூவின் கேள்விக்கு, ‘நெய்யே’யின் மன ஒடுக்கத்தை நினைவூட்டும் விடையைச் சுவாங் ட்சு ஒரு கசாப்புக் கத்தியின் முனையில் தருகிறார். ஆனால் அவருக்கு அரசனைத் திருத்தும் ஆர்வம் இல்லை. மனத்தை நோன்பிருக்கச் செய்வது, அமர்ந்தபடியே எல்லாவற்றையும் மறப்பது என்னும் பயிற்சிகளை அவர் கன்பூசியஸ், அவருடைய மாணவர் யென் ஹுய் ஆகியோரின் உரையாடலாகவே சொல்கிறார்.

இவர்கள் எல்லோரும் ஒரே மரபினர் என்று அவர்கள் காலத்தவர் நினைத்தார்களா? சுவாங் ட்சு நூலின் கடைசி இயலே இதற்கு விடை சொல்கிறது. ‘வானின் கீழ்’ என்னும் அந்த இயல் பழைய சிந்தனை வழிகளை வரிசைப்படுத்துகிறது. சோங் ஷிங்கும் யின் வென்னும் ஒரு வழி. பெங் மெங், தியென் பியென், ஷென் தாவோ மற்றொரு வழி. குவான் யின்னும் லாவோ டானும், அதாவது லாவோ ட்சுவும், வேறொரு வழி. சுவாங் சோவ் தனியொரு வழி. லாவோ ட்சுவின் சீடராகச் சுவாங் ட்சுவை அவருடைய நூலே காட்டவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கன்பூசிய அறிஞர் ஷூன் ட்சுவும் லாவோ ட்சுவை ஓரிடத்தில், சுவாங் ட்சுவை வேறோரிடத்தில், வெவ்வேறு குறைகளுக்காகக் கண்டிக்கிறார். இருவரையும் ஒரே பள்ளியாக அவரும் அறியவில்லை.

மாவாங்டுய்: தாவோவிலிருந்து சட்டம்

1973இல் ஹூனான் மாநிலத் தலைநகர் சாங்ஷாவில், மாவாங்டுய் மேட்டின் மூன்றாம் கல்லறை திறக்கப்பட்டது. சாங்ஷா சிற்றரசின் அமைச்சராக இருந்த லி சாங் என்பவரின் மகன் கி.மு. 168இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அரக்குப் பெட்டி ஒன்றில் பட்டுச் சுவடிகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் லாவோ ட்சு நூலின் இரண்டு படிகள் முழு அளவில் இருந்தன. இரண்டிலும் ‘தே’ (ஆற்றல்) பகுதி முன்னும் ‘தாவோ’ பகுதி பின்னும் வருகின்றன. இன்றைய நூலுக்கு இது தலைகீழ்.

படிகளின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்த முறை சுவையானது. ஆளும் பேரரசரின் இயற்பெயரை எழுதக் கூடாது என்பது சீன வழக்கம். ஹான் வமிசத்தை நிறுவியவரின் பெயர் லியூ பாங். முதல் படியில் ‘பாங்’ என்னும் எழுத்து தயக்கமின்றி வருகிறது; ஆகவே அது அவர் பெயருக்கான தடை நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்டது. இரண்டாம் படியில் அதே பொருளுடைய வேறு எழுத்து இடப்பட்டிருக்கிறது. ஆனால் அடுத்து வந்த பேரரசரின் பெயரெழுத்து அதில் தவிர்க்கப்படவில்லை. எனவே அது லியூ பாங்கின் ஆட்சியை ஒட்டியது.

இரண்டாம் படி எழுதப்பட்ட அதே பட்டில், அதற்கு முன்பாக, நான்கு நூல்கள் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொலைந்து போயிருந்தவை அவை. மஞ்சள் பேரரசரின் நான்கு நூல்கள் என்று ஹான் பட்டியல் குறிப்பிடுபவை இவையே என்று சீன அறிஞர் டாங் லான் வாதிட்டார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் நூல்களின் உள்ளடக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை: சட்டம் தாவோவிலிருந்து பிறக்கிறது, அரசன் தன் விருப்பு வெறுப்பை விலக்கி, பெயர்களும் செயல்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பருவங்களின் ஒழுங்கையொட்டித் தண்டமும் கொடையும் வழங்க வேண்டும். ஹுவாங் தி என்னும் மஞ்சள் பேரரசரின் பெயரையும் லாவோ ட்சுவின் பெயரையும் இணைத்து ‘ஹுவாங்-லாவோ’ என்று ஹான் காலத்தவர் சொன்ன நெறி எப்படியிருந்தது என்பதை முதன்முறையாக நேரில் காண முடிந்தது. லாவோ ட்சுவுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விளக்கங்கள், கி.மு. 233இல் இறந்த சட்டவாதி ஹான் ஃபெய்யின் பெயரால் வழங்கும் நூலில் ஏன் இருக்கின்றன என்பதும் இதனால் தெளிவாகிறது.

அதே கல்லறையில் ஓர் ஓவியமும் இருந்தது. ஆண்களும் பெண்களுமாக 44 உருவங்கள் உடலை வளைத்தும் கைகளை நீட்டியும் பயிற்சி செய்கின்றன. சில அசைவுகளுக்குக் கரடி, பறவை போன்ற விலங்குகளின் பெயர்கள். சுவாங் ட்சு நூலின் ஓர் இயல், நீண்ட ஆயுளுக்காகக் கரடியைப்போல் தொங்கியும் பறவையைப்போல் நீண்டும் மூச்சுப் பயிற்சி செய்வோரைக் குறைத்தே பேசுகிறது. ஒரே காலத்தில் ஒரு சாரார் போற்றியதை இன்னொரு சாரார் ஏளனம் செய்தார்கள். இன்று இரண்டையுமே தாவோயிசம் என்கிறோம்.

அரண்மனையில் ஹுவாங்-லாவோ

ஹான் ஆட்சி தொடங்கியபோது நாடு போர்களால் நொறுங்கிக் கிடந்தது. பேரரசரின் தேருக்கே ஒரே நிறத்தில் நான்கு குதிரைகள் கிடைக்கவில்லை. அமைச்சர்கள் மாட்டு வண்டியில் போனார்கள். அப்போது சீ பகுதிக்கு முதலமைச்சரானவர் சாவோ ஷென் என்னும் போர்த்தளபதி. அறிஞர்களை நூற்றுக்கணக்கில் கூட்டி ஆலோசனை கேட்டார், ஆளுக்கொன்று சொன்னார்கள். காய் என்னும் முதியவர் மட்டும், ஆள்பவன் அமைதியாக இருந்தால் மக்கள் தாமே ஒழுங்குபடுவார்கள் என்றார். சாவோ ஷென் தம் மாளிகையின் நடுக்கூடத்தை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். கி.மு. 193இல் பேரரசுக்கே முதலமைச்சராக அழைக்கப்பட்டபோது, தமக்குப் பின் வருபவரிடம், சிறையையும் சந்தையையும் கிளறாதீர் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தலைநகரிலும் முந்தைய முதலமைச்சரின் சட்டங்களில் கை வைக்கவில்லை. புதுத் திட்டங்களோடு வந்தவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்து, பேசவிடாமல் அனுப்பினார்.

வென் பேரரசரின் மனைவியும் ஜிங் பேரரசரின் தாயுமான தோவ், தம் குடும்பத்தார் அனைவரையும் லாவோ ட்சுவைப் படிக்க வைத்தார். கன்பூசிய அறிஞர் யுவான் குவை ஒருமுறை அழைத்து அந்நூலைப் பற்றிக் கேட்டார். வீட்டு வேலையாட்களின் பேச்சு அது என்றார் யுவான் கு. சினந்த அரசியார் அவரைப் பன்றிப் பட்டிக்குள் இறங்கிப் பன்றியோடு பொரும்படி ஆணையிட்டார். முதியவர் மேல் இரக்கப்பட்ட ஜிங் பேரரசர் கூரிய கத்தி ஒன்றை அவரிடம் தரச் செய்தார். ஒரே குத்தில் பன்றி சாய்ந்தது. செயலின்மையைப் போற்றும் நூலுக்காக ஒரு கிழவரைப் பன்றியோடு மோதவிட்ட இந்நிகழ்ச்சி, அதிகாரத்தின் கைக்குப் போன எந்த நெறியும் எப்படி மாறும் என்பதற்குச் சான்று.

இந்தக் காலத்தின் நற்பயன்களையும் சொல்லியாக வேண்டும். கி.மு. 167இல் உடலுறுப்பைச் சிதைக்கும் தண்டனைகள் ஒழிக்கப்பட்டன. கி.மு. 156இல் நிலவரி விளைச்சலில் 30இல் ஒரு பங்காக நிலைபெற்றது. முன்பு 15இல் ஒன்று. இவை ஹுவாங்-லாவோவால் மட்டுமே விளைந்தவை என்று சொல்ல முடியாது. சோர்ந்துபோன நாட்டுக்கு ஓய்வு தேவைப்பட்டது. ஆனால் ஓய்வு கொடுப்பதே ஆட்சியின் கடமை என்று சொல்ல ஒரு தத்துவம் கையில் இருந்தது.

தொகுப்பும் பெயரும்

கி.மு. 139இல் ஹுவாய்நான் சிற்றரசர் லியூ ஆன், தம் அவை அறிஞர்களோடு உருவாக்கிய 21 இயல்கள் கொண்ட நூலை இளம் பேரரசர் வூவிடம் அளித்தார். பேரண்டத்தின் தோற்றம், நிலவியல், வானநூல், போர்க்கலை, ஆட்சி என எல்லாவற்றையும் தாவோவில் வேரூன்றச் செய்த பெருமுயற்சி அது. லாவோ ட்சுவையும் சுவாங் ட்சுவையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று அந்நூலின் கடைசி இயலில் இருக்கிறது. ஆனால் காலம் மாறிவிட்டது. கி.மு. 136இல் கன்பூசிய ஐந்நூல்களுக்கு அவையில் ஆசிரியர் பதவிகள் ஏற்பட்டன. அடுத்த ஆண்டு தோவ் அரசியார் இறந்தார். கி.மு. 122இல் கலகக் குற்றம் சாட்டப்பட்ட லியூ ஆன் தற்கொலை செய்துகொண்டார்.

சிமா டான் தம் கட்டுரையை எழுதியது இந்தச் சரிவின் காலத்தில். ஜிங் பேரரசர் முன்னிலையில் யுவான் குவோடு வாதிட்ட ஹுவாங் என்னும் அறிஞரே அவருடைய ஆசிரியராக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் போற்றிய தாவோ மரபு, மற்ற ஐந்து பிரிவுகளின் நன்மைகளையும் தன்னுள் ஏற்றுக் காலத்துக்கேற்ப மாறும் ஆட்சிக்கலை. சமையற்காரர் டிங்குக்கு அதில் இடமில்லை. அரசவையில் தோற்றுக்கொண்டிருந்த தம் தரப்புக்காக அவர் எழுதிய வாதம் அது.

பின்னர் அரச நூலகத்தைச் சீர்செய்த லியூ சியாங்கும் அவர் மகன் லியூ சின்னும் அப்பெயரைப் பட்டியல் தலைப்பாக்கினார்கள். அவர்கள் பணியை ஒட்டி பான் கு கி.பி. 1ஆம் நூற்றாண்டில் தந்த பட்டியலில் தாவோ மரபின் கீழ் 37 நூல்களும் 993 இயல்களும் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. லாவோ ட்சுவும் சுவாங் ட்சுவும் தப்பியதற்கு ஒரு காரணம், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இளவயதிலேயே இறந்த வாங் பி முதல் குவோ சியாங் வரையிலான உரையாசிரியர்கள் அவர்களை முன்னிறுத்தியது. அதற்குள் சிச்சுவானில் லாவோ ட்சு தெய்வமாகிவிட்டார், கி.பி. 142இல் அவர் தமக்குக் காட்சி தந்ததாகச் சாங் தாவோலிங் அறிவித்ததிலிருந்து தன் தொடக்கத்தைக் கணக்கிடும் சமய மரபு இன்றும் வாழ்கிறது.

ஆகவே, தொடக்ககாலத் தாவோயிசத்துக்கு நிறுவனர் ஒருவரைத் தேடுவது வீண் உழைப்பு. சூ நாட்டு முதுமொழித் தொகுப்பும், சீ நாட்டு மூச்சுப் பயிற்சியும், யாங் சூவின் உயிர்ப்பற்றும், சுவாங் ட்சுவின் விடுதலையும், ஹுவாங்-லாவோவின் ஆட்சிக்கலையும் தத்தம் காலில் நின்றவை. அவற்றுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. பொதுவான தலைமை இருக்கவில்லை. சி. மணியின் தமிழாக்கத்தில் ‘தாவோ தே ஜிங்’ படித்திருப்பவர்கள் அதை மீண்டும் ஒருமுறை எடுத்து, ஒரு ஞானியின் தனிமொழி என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஓரியலில் அரசனுக்குச் சொன்ன அறிவுரையும், அடுத்ததில் மூச்சைக் காப்பவனுக்குச் சொன்ன குறிப்பும், இன்னொன்றில் போரில் வீடிழந்த காலத்தின் வேதனையும் தனித்தனியே காதில் விழும். அந்தக் குரல்களின் வேற்றுமையைக் காப்பதே இந்நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.